எங்கே தங்குவது? ஊருக்கு வரும் தங்கைமாருக்குச் சில வார்த்தைகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், பொல்பிட்டியவில் வசிக்கும் நம் பழைய மாணவியும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதென்றால் கல்லூரியின் வரலாற்றைப் பேசுவார்கள், பெண்கல்வியைப் பேசுவார்கள். எனக்குச் செயலாளர் தந்த தலைப்பு வேறு. "டீச்சர், வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் உங்களிடம்தானே எங்கே தங்குவது என்று கேட்கிறார்கள். அதையே பேசுங்கள்" என்றார். உண்மைதான். கனடா, லண்டன், நோர்வே, அவுஸ்திரேலியா, இந்தியா என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். "டீச்சர், ஓகஸ்ட்ல பிள்ளைகளோட வர்றோம். மலையில நாலு நாள், கடல் பக்கம் நாலு நாள். எங்க தங்குறது?" என்று கேட்கும்.

விடுதியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். நான் அப்படிச் செய்வதில்லை. திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். எந்த மாதம்? யாரைப் பார்க்க? எத்தனை பேர்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அறையைப் பற்றிப் பேசலாம். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் மாதம். நம் நாடு சிறியது. ஆனால் நடுவில் மலை நிற்பதால் மழை ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் பெய்வதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அது மேற்குச் சரிவில் மோதுகிறது. கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன், எங்கள் பொல்பிட்டிய எல்லாம் அந்தக் காற்றின் வாசலில் இருக்கின்றன. அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக் கொடியில் துணி காய இரண்டு நாளாகும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்து வறண்டுவிடுகிறது. அதைத்தான் கச்சான் காற்று என்கிறோம். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடைக்காற்று, அதாவது வடகீழ்ப் பருவக்காற்று. அப்போது கிழக்குக் கரையிலும் மலையின் கிழக்குச் சரிவிலும் மழை. ஜனவரி பிறந்தால் ஹட்டன் பக்கம் காலையில் குளிர், பகலில் நல்ல வெயில்.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தேயிலை நமக்கு ஞாபகப்படுத்தும். ஊவாத் தேயிலைக்கு நல்ல ருசி வருகிற காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. டிம்புள்ள தேயிலைக்கு, அதாவது நம் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைக்கு, ஜனவரி முதல் மார்ச் வரை. வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் சேரும்போதுதான் கொழுந்தில் அந்த ருசி ஏறுகிறது. ஆகவே தேயிலை ருசிக்கிற பக்கத்தில் தங்குங்கள் என்பேன். வகுப்பிலும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இதோடு கடலையும் பொருத்திப் பாருங்கள். பள்ளி விடுமுறைக்கு ஜூலை, ஓகஸ்ட்டில் வருகிறவர்களுக்கு மலையில் பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல. கடலில் கிழக்குக் கரை. திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளி, மட்டக்களப்பு மாவட்டத்தில் பாசிக்குடா, பொத்துவில்லில் அறுகம்குடா. அந்த மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அறுகம்குடாவில் மட்டும் அலை பெரியது, அதற்காகவே பலகையில் சறுக்குகிறவர்கள் அங்கே வருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் பாசிக்குடாவுக்குப் போங்கள். அங்கே வெகுதூரம் வரை ஆழமில்லை.

நத்தார் விடுமுறைக்கும் தைப்பொங்கலுக்கும் வருகிறவர்களுக்கு இது நேர்மாறு. மலையில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்ட்டன். கடலில் மேற்கு, தெற்குக் கரை. நீர்கொழும்பு, பெந்தோட்டை, உனவட்டுன. கிழக்குக் கடல் அப்போது கொந்தளிக்கும். டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவம் என்பதையும் மறக்காதீர்கள். நல்லதண்ணியிலும் ஹட்டனிலும் போயா தினங்களிலும் சனி, ஞாயிறுகளிலும் அறை கிடைப்பது கடினம். மலையேறும் எண்ணம் இருந்தால் வார நாளில் நல்லதண்ணியில் ஒரு இரவு தங்குங்கள். ஐயாயிரத்துக்கும் அதிகமான படிகள். ஏறி இறங்கிய அன்றைக்கே நீண்ட பயணம் வைத்தால் முழங்கால் மன்னிக்காது.

ஒக்டோபர், நவம்பரில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மாதங்களில் மலைநாடு முழுவதுக்கும் மழை உண்டு, மண்சரிவும் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யார் மறப்போம்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிறது என்று படத்தில் போடுகிற விடுதிகள் பல, சரிவை வெட்டிக் கட்டியவை. அறையின் முன்பக்கம் என்ன தெரிகிறது என்று எல்லோரும் கேட்கிறோம். பின்பக்கம் என்ன நிற்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. யாரைப் பார்க்க வருகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு முதலில் கிடைக்கும் பதில், "எல்லாரையும்தான் டீச்சர்" என்பது. பிறகு அவர்கள் பயணத் திட்டத்தை அனுப்புவார்கள். கண்டியில் ஒரு இரவு, நுவரெலியாவில் ஒரு இரவு, எல்லவில் இரண்டு, பாசிக்குடாவில் இரண்டு, கொழும்பில் ஒன்று. சின்னம்மா இருக்கிற தோட்டம் எங்கே என்று தேடிப் பார்த்தால், நுவரெலியாவிலிருந்து எல்லவுக்குப் போகிற வழியில், "சின்னம்மா வீடு, ஒரு மணித்தியாலம்" என்று இருக்கும். அதுவும் செவ்வாய்க்கிழமை.

தங்கைமாரே, செவ்வாய்க்கிழமை பகலில் சின்னம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தால் வேலைக்குப் போகமாட்டார். பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. உங்களுக்கு அதைச் சொல்லவும் மாட்டார். கோழி அடித்துக் குழம்பு வைத்து, பக்கத்து வீட்டில் நல்ல கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நீங்களோ மூடுபனியில் தாமதமாகி, மூன்று மணிக்கு வந்து, நான்கு மணிக்கு, "சின்னம்மா, எல்லவுல ரூம் போட்டிருக்கு, இருட்டுறதுக்கு முன்ன போகணும்" என்று எழும்புவீர்கள். இது கற்பனை இல்லை. எனக்குத் தெரிந்த வீடுகளில் நடப்பதைத்தான் சொல்கிறேன்.

பயணிகளுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அறைகளை முதலில் பிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். இரவு எங்கே படுக்கிறோம் என்பது பகலில் யாரோடு இருப்போம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. எல்லவில் அறை இருந்தால் சின்னம்மாவுக்கு ஒரு மணித்தியாலம். ஹட்டனில் அறை இருந்தால் சின்னம்மாவுக்கு இரண்டு நாள். ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இது. முதலில் உறவினர் இருக்கிற தோட்டத்தைப் படத்தில் குறியுங்கள். அதற்கு மிக அருகிலுள்ள நகரத்தில் அறை பாருங்கள். அந்தத் தங்கலை ஒரு சனி, ஞாயிறைச் சேர்த்து வையுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் ஞாயிறு வேலை இல்லாத நாள். கொழுந்து கூடுதலாக வரும் காலத்தில் ஞாயிறும் வேலை இருக்கலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையை வார நாளுக்குத் தள்ளுங்கள். சனி, ஞாயிறில் கொழும்பிலிருந்து கூட்டம் வரும் விடுதிகளில் வார நாளில் நெருக்கடியும் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு.

"அப்படியென்றால் சின்னம்மா வீட்டிலேயே தங்கிவிடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். அவரவர் வீட்டைப் பொறுத்தது. தனி வீடு கட்டிக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். அங்கே தாராளமாகத் தங்கலாம். ஆனால் இன்னும் லயத்தில் ஒரு காம்பராவும் ஒரு இஸ்தோப்புமாக இருப்பவர்களும் நிறையப் பேர். நான்கு பேர் போய் இறங்கினால் வீட்டுக்காரர்கள் கட்டிலை உங்களுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படியில் படுப்பார்கள். கழிப்பறை வெளியே இருக்கும். இரவில் உங்கள் பிள்ளை முகம் சுளித்தால், அது அந்த வீட்டுப் பிள்ளையின் மனதில் தங்கிவிடும். நகரத்தில் படுத்து, காலையில் போய், இரவுச் சாப்பாடு வரை இருந்துவிட்டு வருவது இரு தரப்புக்கும் நிம்மதி. போகும்போது, "நாங்க சமைக்க உதவுறோம், ரொட்டியும் சம்பலும் போதும்" என்று முதல் நாளே சொல்லுங்கள். இல்லையென்றால் அவர்கள் கடன்பட்டு விருந்து வைப்பார்கள்.

இங்கே துரை பங்களாக்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். இப்போது நிறையப் பேர் கேட்பது அதைத்தான். நுவரெலியாவின் கிராண்ட் ஹோட்டல் ஒரு காலத்தில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மாளிகை. 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் நெடுங்காலம் இலங்கையர் உறுப்பினராக முடியாது. கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாகியது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று படுக்கையறைகள். காசல்ரீ, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களில் பழைய துரை பங்களாக்கள் 2005இலிருந்து உயர்விலை விடுதிகளாகிவிட்டன. பங்களாவின் அப்பு, வேலைக்காரம்மா, தோட்டக்காரன் என்று அங்கே உழைத்தவர்கள் யார்? நம் அப்பாயிமாரும் அம்மாயிமாரும்தான். என் அம்மாயி ஒரு பங்களாவின் குசினியில் வேலை செய்தார். பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வருவார். முன்பக்க விறாந்தையில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

அந்த விறாந்தையில் நம் பிள்ளைகள் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாமா? தாராளமாகக் குடிக்கலாம். எனக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு. காசு இருந்தால் ஒரு இரவு தங்குங்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த வீட்டின் கதையைச் சொல்லுங்கள். பின்வாசல் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். பதிவு செய்யும்போது, இங்கே வேலை செய்பவர்களில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். கூட்டிப் பெருக்குவதோடு நிறுத்தாமல் வரவேற்பிலும் கணக்கிலும் நம் பிள்ளைகள் இருக்கிற இடமாகப் பார்த்துத் தங்குங்கள். பில்லில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் போட்டிருந்தால் அது ஊழியருக்குப் போகிறதா என்றும் கேட்கலாம். இப்படிக் கேட்பது அநாகரிகம் ஆகாது. விருந்தாளி கேட்டால்தான் முதலாளி யோசிப்பார்.

பங்களா வேண்டாம், செலவு குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நோர்ட்டனில் சிறு விருந்தினர் இல்லங்கள் உள்ளன. நம்மவர் நடத்துவதும் உண்டு. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இடமா என்று பாருங்கள். சுடுதண்ணீர் எந்த நேரத்தில் வரும், போர்வை எத்தனை தருவார்கள், அறையில் ஈரவாடை உண்டா, வானுக்கு நிறுத்த இடம் உண்டா, வயதானவர்களுக்கு எத்தனை படி என்று தொலைபேசியில் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே இடத்தின் தரம் தெரிந்துவிடும். மழைக்காலமென்றால் அட்டை இருக்கும். சவர்க்காரமோ உப்போ கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகிறவர்கள், அது வசந்தகாலக் கொண்டாட்டம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று விலை ஏறுகிற மாதம் என்பதை அறிந்து போங்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் தலவாக்கலையில் தங்கி ஒரு பகல் மட்டும் நுவரெலியா போய்வரலாம்.

மஸ்கெலியாவில் தங்கினால் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கண்முன்னே கிடக்கும். 1960களின் கடைசியில் அந்த அணையைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். நம் ஊரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஒரு கதை இருக்கிறது.

எங்கள் பொல்பிட்டிய பக்கம் வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாவது எங்கள் பக்கத்தில்தான். 1969 முதல் இங்கே மின்நிலையம் இயங்குகிறது. கீழே கித்துல்கலவில் ஆற்றங்கரை விடுதிகள், வாடிவீடு, படகுச் சவாரி எல்லாம் உண்டு. குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய அந்த ஆங்கிலப் படத்தை எடுத்த இடம் என்று வெள்ளைக்காரர்கள் தேடி வருவார்கள். ஆற்றங்கரையில் அறை எடுத்தால், ஊரவர் குளிக்கிற இடத்தில் மட்டும் குளியுங்கள். மேலே மின்நிலையத்திலிருந்து தண்ணீர் விட்டால், மழையே இல்லாத நாளிலும் ஆறு சட்டென்று உயரும்.

இனி மூன்றாவது கேள்வி. எத்தனை பேர்?

இதைக் கேட்டால் எல்லோரும், "நாங்க ரெண்டு பேர், பிள்ளைங்க ரெண்டு" என்பார்கள். நான், "அஞ்சு பேருக்குப் போடுங்க" என்பேன். அந்த ஐந்தாவது ஆள் சின்னம்மா. அத்தையாக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம், உங்களைத் தூக்கி வளர்த்த பக்கத்து லயத்து அக்காவாக இருக்கலாம். மலையில் அவர் வீட்டுக்கு நீங்கள் போகிறீர்கள். கடலில் உங்கள் அறைக்கு அவர் வரட்டும்.

நம் ஆட்கள் கடல் தாண்டி வந்தவர்கள். தலைமன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்து, மலையேறினார்கள். 2023இல் மலையகம் 200 என்று அதே பாதையில் நடந்து அவர்களை நினைவுகூர்ந்தார்கள். அப்படிக் கடல் தாண்டி வந்தவர்களின் பேத்திகள், வயது அறுபதாகியும் கடலில் கால் நனைக்காதவர்கள், நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். பொல்பிட்டியவில் சேர்ந்த ஆறு முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. அந்த ஆற்றில் துணி துவைத்த பெண் அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்ததில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், "யார் கூட்டிட்டுப் போறா?" என்பார்கள்.

போன வருடம் எங்கள் தோட்டத்து அம்மா ஒருவரை, வெளிநாட்டிலிருந்து வந்த அவருடைய அக்கா மகள் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவரிடம், "கடல் எப்பிடிம்மா?" என்று கேட்டேன். "தண்ணி உப்புத்தான் டீச்சர். ஆனா ஒரு வேலையும் இல்லாம ரெண்டு நாள் உக்காந்திருந்தேன்" என்றார். அவருக்கு அதுதான் அதிசயம்.

அப்படிக் கூட்டிப்போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள். கீழ்மாடி அறை கேளுங்கள். தனி அறை போட்டு ஒதுக்கிவிடாதீர்கள், புது இடத்தில் தனியாகப் படுக்கப் பயப்படுவார்கள். குடும்ப அறையில் கூடுதல் கட்டில் போடச் சொல்லுங்கள். சைவமா, வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவாரா என்று முதலே கேளுங்கள். கத்தி, முள்ளுக்கரண்டி வைத்த மேசையில் அவர் தயங்கினால் நீங்களும் கையால் சாப்பிடுங்கள். மருந்து, அடையாள அட்டை, ஒரு சுவெட்டர் மறக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். மலையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஒரு முழுப் பகல் பயணம். வயதானவரோடு போகும்போது இடையில் இரண்டு தடவை இறங்கி இளைப்பாறுங்கள். மலைப் பாதையில் இரவில் ஓட வேண்டாம். ரயிலில் போக விரும்பினால் ஆசனங்கள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். மழையால் பாதை பழுதாகிச் சேவை குறைகிற காலங்களும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, பிள்ளைகளைப் பற்றி. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் கொழுந்து எடுக்கிறவர்களைப் படம் எடுக்க ஆசைப்படுவார்கள். எடுக்கட்டும். முதலில் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள். "உங்க பேரு என்ன? நான் படம் எடுக்கலாமா?" என்ற இரண்டு வரித் தமிழைக் கிளம்புமுன் பழக்கிவிடுங்கள். அந்தக் கூடைக்குக் கீழே இருப்பவர் அவர்களுடைய அம்மாவின் வகுப்புத் தோழியாகவும் இருக்கலாம். நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரத்தோடு நின்று மலைக்குப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த நூற்றாண்டு அவர்களுக்கும் உரியது. அவர்களில் பலருக்கு இன்றைய அழைப்பிதழ்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

ஆகையால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். எந்தத் தோட்டத்தில் நம் பழைய மாணவி யார் இருக்கிறார், விருந்தினர் இல்லம் நடத்துகிறவர் யார், வான் ஓட்டும் கணவர் அல்லது மகன் உள்ளவர் யார் என்று, அவரவர் சம்மதத்தோடு ஒரு பட்டியல் தயாரித்துச் செயலாளரிடம் வைப்போம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் முதலில் அந்தப் பட்டியலைக் கேட்கட்டும். தங்குகிற காசில் ஒரு பங்காவது நம் சகோதரிகளின் கைக்குப் போகட்டும்.

விடுதிகள் பத்து வருடம் கழித்தும் இருக்கும், இன்னும் அழகாகவும் இருக்கும். சின்னம்மாமார் அப்படிக் காத்திருக்கமாட்டார்கள். அடுத்த தடவை வரும்போது மாதத்தைப் பாருங்கள், ஆளைப் பாருங்கள், பிறகு அறையைப் பாருங்கள். எங்கே தங்குவது என்று சந்தேகம் வந்தால் எனக்கு எடுங்கள். நான் பொல்பிட்டியவில்தான் இருப்பேன்.

நூற்றாண்டு காணும் நம் கல்லூரி அன்னை வாழ்க.